இன்னாத்துக்கு என்று கேட்டவள்

என் ஓரகத்தியை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மறைப்பானேன்? எங்கள் வீட்டு மாடியைக் காலி செய்துகொண்டு அவள் ஓசூருக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எரிகிறது. அவள் என்னைவிட அழகி கிடையாது. சமையலில் என் கால் தூசு பெற மாட்டாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் கணவரின் அண்ணன், அவள் வைத்த வத்தக்குழம்பை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கி வந்து என்னிடம் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போன நாட்கள் நிறைய உண்டு. அப்படி இருந்தும் இந்த வீட்டில் அவள் பேச்சுதான் எடுபட்டது. என் மாமியார் என்னைப் பார்த்து, “அவளாண்ட கேட்டுகினு செய்” என்பார். நான் மருமகளா, அவளுக்கு எடுபிடியா?

இத்தனைக்கும் அவளிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. “இன்னாத்துக்கு?”

கூடுவாஞ்சேரியில் மெயின் ரோட்டு மேலேயே இருக்கிற பெரிய மளிகைக் கடைக்கு அவளோடு முதல்முதலாகப் போன அன்றே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பில் போடுகிற பெண் தலையைத் தூக்காமலே, “மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்” என்றாள்.

“இன்னாத்துக்குமா?” என்றாள் இவள்.

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தது. “பில்லு போட மேடம்.”

“பில்லு போட அரிசி வெல தெரிஞ்சா பத்தாதா? எந்நம்பரு இன்னாத்துக்கு?”

“சிஸ்டம் கேக்குது மேடம்.”

“சிஸ்டம் கேக்குதா, மொதலாளி கேக்கறாரா?”

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓர் ஆள் பொறுமையிழந்து, “நம்பரு குடுத்தா இன்னாக்கா கொறஞ்சி பூடும்?” என்றான். இவள் திரும்பி, ரொம்ப மரியாதையாக, “அப்போ உன் நம்பர இங்கயே சத்தமா சொல்லு நைனா. நிக்கறவங்க எல்லாம் எழுதிக்கட்டும்” என்றாள். அவன் தக்காளிப் பையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் ஒரு சூப்பர்வைசர் வந்து எதையோ தட்டினான். நம்பர் இல்லாமலே பில் வந்தது. “துட்டு குடுத்தா பொருளு, பொருளுக்கு பில்லு. அதுக்கு மேல ஒரு கேள்வி கெடயாது” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம், “உம்மேல கோவம் இல்லமா, நீ இன்னா பண்ணுவ” என்றும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தது. என்னைப் பார்த்து அது ஒருநாளும் சிரித்ததில்லை.

அடுத்து என் முறை. நான் என் நம்பரைச் சொன்னேன். பாயிண்ட் ஏறும் என்றார்கள் என்று என் வீட்டுக்காரர் நம்பரையும் சேர்த்துச் சொன்னேன். வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் என் போன் படுத்திய பாடு இருக்கிறதே! மாவில் கை வைத்தால் அடிக்கும், குளிக்கப் போனால் அடிக்கும். மனை வாங்குகிறீர்களா, பல்லைச் சுத்தம் செய்கிறீர்களா, கார்டு வேண்டுமா. செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளி என் மாமனார் நெல் போட்டுக்கொண்டிருந்து விற்ற நிலத்தையே பிளாட்டாகப் பிரித்து, “பசுமையான சூழல் மேடம்” என்று எனக்கே விற்கப் பார்த்தான் ஒருவன். மாடியில் அவள் போன் சும்மாவே கிடக்கும். அடித்தால் அவள் அம்மாவாக இருக்கும், இல்லை ஹாஸ்டலில் இருக்கிற அவள் மகனாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

கல்யாணம் ஆன புதிதில் அவள் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஆபீஸ் கேப் வந்து தெருமுனையில் நிற்கும். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுகிற வேலை. “நான் அந்தப் பக்கம் குந்திகினு இருந்தவ. உன் நம்பரு எத்தினி கைக்குப் போவுதுன்னு உனுக்குத் தெரியாது, எனுக்குத் தெரியும்” என்பாள். ஏதோ வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மகாபலிபுரம் கடற்கரைக்குப் போனோம். யாரோ ஒரு பையன் கேமராவும் கையுமாக, தனக்குத் தானே பேசிக்கொண்டு, எங்களையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். நான் முந்தானையைச் சரிசெய்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவளோ நேரே போய், “தம்பி, எங்கள எடுக்கறியே, கேட்டியா?” என்றாள். “பப்ளிக் பிளேஸ்தானே ஆன்ட்டி” என்றான் அவன். “கடலு பப்ளிக்கு. எடுத்துக்கோ. எம்மூஞ்சி என்னுது” என்றாள். அவன் அழித்துவிட்டு, அழித்ததைக் காட்டிவிட்டும் போனான். நான் முகம் துடைத்தது வீணாகப் போயிற்று.

அதோடு விட்டாளா? என் மகள் அப்போது சின்னக் குழந்தை, அலையில் கால் நனைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இவள் குனிந்து, “பாப்பா, பெரிம்மா உன்ன ஒரு போட்டோ புடிச்சிக்கட்டா?” என்று கேட்டாள். குழந்தை யோசித்துவிட்டு, “வேணா பெரிம்மா” என்றது. இவள் “சரி” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் குழந்தையின் தொடையைக் கிள்ளினேன். “பெரியவங்க கேட்டா நில்லுடி!” அது அழுதுகொண்டே போய் அவள் மடியில் ஏறியது. அன்றைக்கு ஏறினதுதான், அப்புறம் இறங்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை மட்டும் என் வீட்டுக்கு வரும், பிள்ளை நேரே மாடிக்குப் போய்விடும். நான் தோசை வார்த்து வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கென்று ஒன்று இருந்தது. ஆரி வேலை. ரவிக்கைக்கு ஜரிகையும் மணியும் வைத்துத் தைக்கிற வேலை. ஊரப்பாக்கத்தில் ஓர் அக்காவிடம் கற்றுக்கொண்டேன். அது மட்டும் அவளுக்கு வராது, ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுவாள். என் மகள் வயதுக்கு வந்தபோது, மஞ்சள் நீராட்டு விழாவுக்காக நானே ஒரு ரவிக்கைக்கு ஆரி போட்டேன். முதுகில் இரண்டு கிளி, கை முழுக்க மாங்காய். கண் எரிய எரிய உட்கார்ந்து போட்டது. செங்கல்பட்டில் மண்டபம், தாய்மாமன் சீர், வாசலில் மகள் படம் போட்ட பேனர், தலைக்கு மேல் பறக்கிற கேமரா என்று ஒரு குறையும் வைக்கவில்லை. படம் பிடித்த ஸ்டுடியோக்காரன் மகளை மெதுவாக நடக்கச் சொன்னான், திரும்பச் சொன்னான், கன்னத்தில் கை வைக்கச் சொன்னான். மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது இன்னொரு தடவை ஊற்றச் சொன்னான். ஓரகத்தி ஓரமாக நின்று மகளிடம், “உனுக்கு சரியா இருந்தா செய்யி, இல்லாங்காட்டி வேணான்னு சொல்லு” என்றாள். மங்கலமான இடத்தில் இப்படியா பேசுவது என்று நான் முறைத்தேன்.

விழா முடிந்த சில நாளில் ஸ்டுடியோக்காரன் அந்த வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, பாட்டுப் போட்டு, தன் கடைப் பெயரோடு நெட்டில் ஏற்றிவிட்டான். எங்களுக்கு யாரோ அனுப்பித்தான் தெரியும். ஐயோ, எனக்குத் தலைகால் புரியவில்லை! எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், எத்தனை இதயம்! “பிளவுஸ் யார் போட்டது?” என்று கீழே பெண்கள் கேட்டிருந்தார்கள். நான் உடனே ஸ்டேட்டஸில் வைத்தேன். கிளி வைத்த ரவிக்கைக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. மறைமலைநகரிலிருந்தெல்லாம் வந்தார்கள். முதல்முறையாக மாமியார் எதிரிலேயே நான் அவளைவிட உயர்ந்து நின்றேன்.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். “போடறதுக்கு மின்னாடி உங்கள கேட்டாங்களா?”

“கேட்டா வேணான்னா சொல்லப் போறோம்?”

“சரி, பாப்பாவ கேட்டாங்களா?”

“பச்சப் புள்ளைய இன்னா கேக்கறது அக்கா?”

அவள் திரும்பி மாடிக்கு ஏறிவிட்டாள். பெண் பிள்ளை இல்லை, விழா எடுக்க வழியில்லை, அதான் பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பொறாமைப்படுகிறவளுக்கு அடுத்தவர் பேச்சும் அப்படித்தானே காதில் விழும்.

கோடை விடுமுறை முடியப் போகிற சமயம் அது. மகள் ஒன்பதாவது போக வேண்டும். வெளியே போவதை நிறுத்தியிருந்தாள். டியூஷனுக்குப் போகவில்லை, கடைக்கு அனுப்பினால் தலைவலி என்றாள். புதுச் சீருடையை அளவு பார்க்கக் கூப்பிட்டால், “வேணாம்மா, நான் ஸ்கூலுக்குப் போவல” என்றாள். ஏன் என்று கேட்டேன். அதட்டினேன், கெஞ்சினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயந்திரம் ஓரகத்தி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “உம்பொண்ணு உன்னாண்ட ஒண்ணு சொல்லணுமாம், வாய் வரல. நான் சொல்லட்டான்னு கேட்டேன். சரின்னா. அதான் வந்தேன்.”

அவள் சொல்ல வந்ததைவிட, அது அவளிடம் போய் இருக்கிறதே என்பதுதான் முதலில் சுருக்கென்று குத்தியது. என் வயிற்றில் பிறந்தவள்! அப்புறம் அவள் போனைக் காட்டினாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற இடத்தை மட்டும் வெட்டி, அசிங்கமான ஒரு பாட்டைப் போட்டு எவனோ சுற்ற விட்டிருந்தான். கீழே முகம் தெரியாத ஆண்கள் எழுதியிருந்ததை நான் இங்கே சொல்லப் போவதில்லை. டியூஷன் பையன்கள் அந்தப் பாட்டை மகள் போகும்போதும் வரும்போதும் பாடியிருக்கிறார்கள். என் கிளியும் மாங்காயும் அந்த அழுக்குக்கு நடுவில் பளபளவென்று தெரிந்தன.

மறுநாளே செங்கல்பட்டுக்கு ஸ்டுடியோவுக்குப் போனோம். அவள் தனியாகப் போகிறேன் என்றாள். விடுவேனா? நானும் ஏறினேன்.

“நாங்க எடுத்தது மேடம், எங்க கிரியேஷன்” என்றான் ஸ்டுடியோக்காரன்.

“நாங்க துட்டு குடுத்தது ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும். உன் கட வெளம்பரத்துக்கு எங்க வூட்டுக் கொழந்தைய வாடகைக்கு வுடல” என்றாள் அவள்.

“அம்மாவே ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்களே மேடம்!” என்று அவன் என்னைக் கை காட்டினான். இப்போது என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பாள், அதோடு நான் செத்தேன் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “அவங்க அம்மா இன்னா வச்சாங்கன்னு நான் கேக்கல. நீ போடறதுக்கு மின்னாடி கேட்டியா? அத்த மட்டும் சொல்லு.” அவன் முனகிக்கொண்டே தன் பக்கத்தில் இருந்ததை எடுத்தான். ஆனால் வெட்டி ஒட்டியவர்கள் கையில் இருந்தது அவன் கையில் இல்லை.

அந்த வீடியோ ஓடுகிற ஆப்புக்காரர்களுக்கு அவள் புகார் எழுதினாள். விதிமுறையை மீறவில்லை என்று மெஷின் பதில் அனுப்பியது. மறுபடி எழுதினாள், மறுபடி அதே பதில். போலீசுக்குப் போகலாம் என்றாள். என் வீட்டுக்காரர் குதித்தார். “மானம் பூடும்! நாளைக்கு எவன் வருவான் பொண்ணு கேட்டு?”

“போட்டவனுக்கு இல்லாத மானம் நமக்கு மட்டும் இன்னாத்துக்குபா?” என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தான் ஓட்டுகிற வேனை எடுத்தார். நான் கல்யாணமான நாளிலிருந்து கத்தியும் என் பேச்சுக்கு அந்த மனுஷர் ஒருநாளாவது அப்படி எழுந்திருக்கிறாரா?

போலீஸ் ஆபீசில், சைபர் பிரிவில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். சின்ன வயது. மகளைப் பார்த்துத் தன்மையாக, “நீ உள்ள வந்து நடந்தத சொல்லுமா. கூட ஒருத்தர வச்சிக்கலாம். யாரு வரணும்?” என்று கேட்டார். நான் எழுந்துவிட்டேன். கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், “பெரிம்மா” என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவுக்கு வெளியே நான் பட்டதை எந்தப் பெண்ணும் படக் கூடாது. பெற்றவள் வெளியே, மற்றவள் உள்ளே. அழுகைகூட வரவில்லை, அத்தனை ஆங்காரம். வெளியே வந்தபோது மகளின் முகம் அழுது ஓய்ந்து தெளிந்திருந்தது. அவள் கை இவள் கைக்குள் இருந்தது.

போலீஸ் எழுதிய பிறகு அந்த ஆப்புக்காரர்கள் அசைந்தார்கள். ஒவ்வொன்றாக இறங்கியது. டியூஷன் பையன்களை வீட்டாரோடு கூப்பிட்டுப் பேசினார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு மகள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்த வாரக் கடைசியில் தானாகவே சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலில் நின்று முக்கு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முக்கு திரும்பியதும் மாடிக்கு ஏறினேன். “அன்னிக்கு உள்ள இன்னா சொன்னா?”

ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அவளாண்ட கேளு.”

“அவ சொல்ல மாட்டேங்கறா. நீ சொல்லு.”

“அது அவ சமாச்சாரம். நான் எடுத்துக் குடுக்கக் கூடாது.”

“பெத்தவ நான்!”

“தெரியும். அதனாலதான் சொல்லல” என்றாள்.

அந்தப் பதிலில் எனக்கு உச்சி மண்டை வரை ஏறியது. கடைக்காரனுக்குக் கொடுக்காத நம்பரும் என் மகள் பேச்சும் இவளுக்கு ஒன்றா? என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை இவள் பூட்டி வைத்துக்கொண்டு எனக்கே காட்ட மாட்டாளா? வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிள்ளை பிடிக்கிறவள் என்றேன். பெண் இல்லாத குறைக்கு என் பெண்ணை எடுத்துக்கொண்டாய் என்றேன். அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். அவள் வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்து சாமான் ஏற்றிய அன்றுகூட நான் ஆரிச் சட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று, “வரேன்மே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் இப்போது பிளஸ் டூ. மாடிப் போர்ஷனில் யாரோ குடியிருக்கிறார்கள். மொட்டை மாடி மட்டும் எங்களுக்கு. போன வாரம் அவள் அங்கே நின்று பெரியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. நான் வடாம் எடுக்கப் போகிற சாக்கில் படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். “பெரிம்மா, அம்மா படியில நின்னுகினு கீது, அப்பறமா பேசறேன்” என்று போனை வைத்தாள். அப்புறம் எட்டிப் பார்த்து, “மேல வாம்மா. இன்னா தெரியணுமோ என்னையே கேளு” என்றாள்.

கோபமில்லாமல்தான் சொன்னாள். மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இருந்தது ஒரே கேள்வி. “அன்னிக்கு போலீசாண்ட உள்ள இன்னாடி சொன்ன?”

“அதா?” என்று கொஞ்சம் யோசித்தாள். “இவ்ளோ நாளு அம்மாகிட்ட ஏன் சொல்லலன்னு அந்த அக்கா கேட்டாங்க. அந்த வீடியோவப் பாத்துதான் எங்கம்மாவுக்கு பிளவுஸ் ஆர்டர் வருது, எடுத்துட்டா நின்னு பூடும், அம்மா இப்பதான் சந்தோசமா கீது, அதுக்கு நான் ஸ்கூலுக்குப் போவாமயே இருந்துக்கறேன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “அப்ப சின்னப் பொண்ணுமா நானு.”

என்னால் சிரிக்க முடியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இதைத் தெரிந்துகொண்டா ஓரகத்தி அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றாள்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் தலை குனிந்து கீழே இறங்கியிருப்பேன். சொல்லாமல் துணி மடித்தாளே, பாவி. எனக்கு அந்த மனசு வராது. ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. பொறாமை குறையவில்லை, முன்னைவிடக் கூடத்தான் செய்தது.

மகள் போனிலேயே ஓரகத்தி நம்பரைப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்து நான் பேசுகிறேன் என்று தெரிந்ததும் அவள் வேறு எதையும் விசாரிக்கவில்லை.

“சொல்லிட்டாளா உன்னாண்ட?” என்றாள்.

மெல்லத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கா தெரியாது? வருஷக்கணக்காகத் தோசையை வார்த்து வைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நான் பட்டது அது.

“சொல்லிட்டாக்கா” என்றேன். “எம்பொண்ணு எங்கிட்டயே சொல்லிட்டா.”